இருட்டில் ஒரு டப்பா: இரவு நேர ஜியோகேச்சிங்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் எல்லோரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. கூகுள் மேப்ஸைத் திறந்து நம் ஊரைத் தேடுவோம். ஊர் கிடைத்தவுடன் தெரு, தெரு கிடைத்தவுடன் வீடு. பிறகு மொட்டை மாடியில் காயும் துணி தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்ப்போம். அதிராம்பட்டினத்துக்காரர் என்றால் ரயில்வே ஸ்டேஷன், காதிர் முகைதீன் கல்லூரி, கிழக்குக் கடற்கரைச் சாலை, உப்பளங்கள், அலையாத்திக் காடு, அதன்பின் கடல் என வரிசையாக வரும். ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடலாம். அதற்கு மேல் அந்த மேப்பை வைத்து என்ன செய்வது?

ஒரு விளையாட்டு விளையாடலாம். ஜியோகேச்சிங் என்பது அதன் பெயர். ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இன்டர்நெட்டில் வெளியிடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியுடன் அந்த எண்களைப் பின்பற்றிச் சென்று, டப்பாவைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் சிறிய நோட்டில் பெயரும் தேதியும் எழுதி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். பிறகு வீட்டுக்கு வந்து, கண்டுபிடித்த செய்தியை இணைய தளத்தில் பதிவு செய்திட வேண்டும். அவ்வளவுதான்.

இதனை இரவில் விளையாடுபவர்களும் இருக்கிறார்கள். அதற்காகவே தனி வகை டப்பாக்கள் வைக்கப்படுகின்றன. அதில் என்ன சுகம், என்ன சிக்கல், நம் கடலோர ஊர் ஒன்றில் இதனை எப்படிச் செய்யலாம், எங்கே செய்யவே கூடாது என்று இங்கு பார்ப்போம்.

ஒரு வாளியில் தொடங்கியது

ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவம் உருவாக்கிய தொழில் நுட்பம். பொதுமக்களுக்கான சிக்னலில் அவர்கள் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து அனுப்பி வந்தார்கள். அதனால் கருவி காட்டும் இடம் நூறு மீட்டர் வரை தவறாக இருக்கலாம். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், அதிபர் கிளிண்டன் உத்தரவின் பேரில் இந்தப் பிழை நீக்கப்பட்டது. ஒரே இரவில் உலகத்தில் இருந்த ஜி.பி.எஸ். கருவிகள் அனைத்தும் பல மடங்கு துல்லியமாகிவிட்டன.

மறுநாளே, மே 3-ஆம் தேதி, அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்ற கம்ப்யூட்டர் ஆலோசகர், இந்தத் துல்லியத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைக் காட்டுப் பகுதியில் வைத்தார். உள்ளே சில புத்தகங்கள், சாப்ட்வேர், கொஞ்சம் பணம், ஓர் உண்டிவில் ஆகியவற்றோடு உணவு டப்பாவும் இருந்தது. இடத்தின் எண்களை இன்டர்நெட் செய்திக் குழு ஒன்றில் வெளியிட்டார். சில நாட்களுக்குள் மைக் டீக் என்பவர் அதனைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் என்பவர் ஜியோகேச்சிங் டாட் காம் என்ற தளத்தைத் தொடங்கினார். இன்று அதில் உலகம் முழுவதும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் பதிவாகி உள்ளன. முதல் வாளியில் உணவு இருந்தது; இன்றைய விதிகளின்படி உணவு வைக்கக் கூடாது. எறும்பும் எலியும் ஜி.பி.எஸ். இல்லாமலே முதலில் கண்டுபிடித்துவிடும்.

இரவில் ஏன்?

முதல் காரணம் வெயில். மே மாதத்தில் பட்டுக்கோட்டைப் பக்கம் பகல் பதினோரு மணிக்கு மொபைல் போனைக் கையில் பிடித்துக் கொண்டு திறந்தவெளியில் நின்று பாருங்கள். திரையில் எதுவும் தெரியாது, போனும் சூடாகிவிடும். இரவில் கடல் காற்று இருக்கும். திரை தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது காரணம் ஆட்கள். ஜியோகேச்சிங் விளையாடுபவர்கள், விஷயம் தெரியாமல் வேடிக்கை பார்ப்பவர்களை 'மகிள்' என்று அழைப்பார்கள். ஹாரி பாட்டர் கதைகளிலிருந்து எடுத்த சொல். நம் ஊரில் பகலில் ஒரு மரத்தடியில் குனிந்து எதையாவது தேடினால் இரண்டு நிமிடத்தில் "என்ன தம்பி தேடுறீங்க?" என்று ஒருவர் வருவார். ஐந்தாவது நிமிடம் நான்கு பேர் சேர்ந்து தேடுவார்கள். டப்பா இருக்கும் இடம் ஊருக்கே தெரிந்துவிடும். இரவில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதிராம்பட்டினத்தில் ரமலான் மாதத்தில் இந்தக் கணக்கு செல்லாது. சஹர் வரை தெருக்கள் விழித்திருக்கும்.

மூன்றாவது காரணம்தான் உண்மையான கவர்ச்சி. பகலில் கண் முன்னால் எல்லாம் தெரிகிறது. எதைப் பார்ப்பது என்று தெரிவதில்லை. இரவில் டார்ச் வெளிச்ச வட்டத்துக்குள் இருப்பது மட்டுமே உலகம். பழகிய தென்னந்தோப்பே புதிய இடமாகத் தெரியும்.

இருட்டில் எண்களை வைத்துக் கொண்டு இடம் தேடுவது இந்த ஊருக்குப் புதிய சங்கதியும் அல்ல. மாலையில் வலை விட்டு விடியும் முன் எடுக்கும் மீனவர்கள், கடலில் தங்கள் இடத்தை இப்போது ஜி.பி.எஸ். கருவியில்தான் குறித்து வைக்கிறார்கள். முன்பு நட்சத்திரம், கரையில் தெரியும் விளக்கு, நீரின் ஆழம் இவற்றை வைத்துக் கணக்கிட்டார்கள். அவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுக்கப்பட்ட இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்குத் தண்ணீரில் கோடு கிடையாது. அது கருவியின் திரையில் உள்ள எண் மட்டுமே. அந்த எண்ணைத் தவறாகப் படித்தால் படகும் போகும், ஆளும் சிறைக்குப் போகலாம். நமக்கு டப்பா கிடைக்காமல் போகும், அவ்வளவுதான்.

இரவில் ஜி.பி.எஸ். சரியாக வேலை செய்யுமா?

செய்யும். சாட்டிலைட்டுகளுக்குப் பகல் இரவு இல்லை. ஏறத்தாழ 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுகள் சுற்றி வருகின்றன. அவற்றில் குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால் உங்கள் போன் தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். போன் எதையும் சாட்டிலைட்டுக்கு அனுப்புவதில்லை; கேட்க மட்டுமே செய்கிறது. எனவே இதற்கு இன்டர்நெட் இணைப்போ, டவர் சிக்னலோ தேவை இல்லை. மேப் படத்தைக் காட்டத்தான் இணைப்பு வேண்டும். திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண ஸ்மார்ட் போன் சுமார் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகக் காட்டும். அடர்ந்த மரத்தடியில் இது மோசமாகும்.

ஆனால் நம் பகுதிக்கே உரிய ஒரு குறும்பு உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடி வழியாகச் செல்கிறது. 1963 நவம்பர் 21-ல் இந்தியாவின் முதல் ராக்கெட்டைத் தும்பாவிலிருந்து ஏவியதற்கு இதுவே முக்கியக் காரணம். இந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளில், சூரியன் மறைந்த பிறகு சில மணி நேரம், வானின் மின்னேற்ற அடுக்கில் குமிழ்கள் போன்ற கலக்கம் உண்டாகும். அதன் வழியே வரும் சாட்டிலைட் சிக்னல் நட்சத்திரம் போலக் கண் சிமிட்டும். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டியும், 2024-ல் இருந்ததுபோல் சூரியன் உச்சத்தில் உள்ள ஆண்டுகளிலும் இது அதிகம். எனவே இரவு ஒன்பது மணிக்குப் போனில் உங்கள் இடம் திடீரென இருபது மீட்டர் தாவினால் போன் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். சற்று நேரம் காத்திருக்கவும்.

எண்களை எழுதுவதில் வரும் தவறு

தோற்றுப் போகிறவர்களில் பலர் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தோற்றுவிடுகிறார்கள். எப்படி என்று பார்ப்போம்.

அதிராம்பட்டினம் ஏறத்தாழ வடக்கு 10.34, கிழக்கு 79.38 டிகிரியில் உள்ளது. கூகுள் மேப்ஸ் இப்படித்தான் காட்டும். ஆனால் ஜியோகேச்சிங் தளம் அதே இடத்தை வடக்கு 10° 20.400, கிழக்கு 79° 22.800 என்று காட்டும். இங்கு 20.400 என்பது டிகிரியின் பின்னம் அல்ல, நிமிடம். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால், 20.400-ஐ 60 ஆல் வகுத்தால் 0.34 கிடைக்கும். இது தெரியாமல் 10.20400, 79.22800 என்று டைப் செய்தால், தென்மேற்கே சுமார் 22 கிலோ மீட்டர் தள்ளி, மல்லிப்பட்டினத்தையும் தாண்டிய ஓர் இடத்தில் போய் நிற்பீர்கள். நானே நண்பர் ஒருவருக்கு இப்படி எண் கொடுத்து, அவர் வேறு ஓர் ஊரின் குளத்தங்கரையில் நின்று கொண்டு எனக்குப் போன் செய்து திட்டியது உண்டு.

சரியான வழி, கூகுள் மேப்ஸ் தேடல் கட்டத்தில் 10 20.400, 79 22.800 என இடைவெளி விட்டு டைப் செய்வது. அது நிமிடம் என்பதை மேப் புரிந்து கொள்ளும். எதிர்த் திசையில், மேப்பில் ஓர் இடத்தின் எண் வேண்டும் என்றால், கம்ப்யூட்டரில் அந்த இடத்தின் மீது ரைட் கிளிக் செய்திடவும். வரும் மெனுவில் முதல் வரியாக எண்கள் இருக்கும். அதில் கிளிக் செய்தால் காப்பியாகிவிடும். கையால் எழுதி மீண்டும் டைப் செய்திட வேண்டாம். மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி, போனில் திறந்து பேஸ்ட் செய்திடவும். இன்னொரு கணக்கையும் நினைவில் வையுங்கள். நிமிடத்தில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் 1.85 மீட்டர் மாறும். அதற்கு முந்தைய இலக்கம் மாறினால் பதினெட்டரை மீட்டர். இருட்டில் பதினெட்டரை மீட்டர் என்பது அடுத்தவர் தோப்பு.

கிளம்பும் முன் கூகுள் மேப்ஸில் உங்கள் பகுதிக்கான ஆப்லைன் மேப்பை டவுண்லோட் செய்து கொள்ளவும். ஜியோகேச்சிங் தளத்தின் சொந்த அப்ளிகேஷன் இலவசமாகக் கிடைக்கிறது; ஆண்ட்ராய்ட் போனுக்கு சி:ஜியோ என்ற இலவசத் தொகுப்பும் உள்ளது. எந்த டப்பாவையும் தேர்ந்தெடுக்கும் முன் அதன் இரண்டு மதிப்பெண்களைக் கவனிக்கவும். ஒன்று தேடுவது எவ்வளவு கடினம்; மற்றது போய்ச் சேருவது எவ்வளவு கடினம். இரண்டும் 1 முதல் 5 வரை. முதல் முறை இரவில் போகிறவர் இரண்டாவது மதிப்பெண் 2-க்கு மேல் உள்ளதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

டார்ச்சை எங்கே பிடிப்பது?

இரவுக்கென்றே வைக்கப்படும் டப்பாக்களில் பெரும்பாலும் எண்கள் உங்களைத் தொடக்க இடத்துக்கு மட்டுமே அழைத்துச் செல்லும். அங்கிருந்து, மரங்களிலும் கம்பங்களிலும் ஒட்டியுள்ள சிறு பிரதிபலிப்பான்களை ஒவ்வொன்றாகப் பின்பற்றிச் செல்ல வேண்டும். ஒன்று இருந்தால் நேராகப் போகவும், இரண்டு இருந்தால் திரும்பவும், மூன்று இருந்தால் வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்பது போல வைத்தவர் ஒரு குறிப்புத் தருவார். பகலில் இவை பட்டன் அளவு புள்ளிகள், கண்ணில் படாது.

இவை கண்ணாடி போல ஒளியை வேறு பக்கம் திருப்புவதில்லை. ஒளி வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரியின் பின்புறச் சிவப்புப் பட்டை நம் வண்டி வெளிச்சத்தில் பளிச்சிடுவது இப்படித்தான். எனவே டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் ஒளி இடுப்புக்கே திரும்பிவிடும். கண்ணுக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். நெற்றியில் கட்டும் டார்ச் இதற்கு மிகவும் வசதி. இதிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. தரையில் நடமாடும் சில சிலந்திகளின் கண்களும் இதே போல மின்னும். 'அடுத்த குறி' என்று நினைத்து நெருங்கிப் போனால் அது ஓடிவிடும்.

சிலர் புற ஊதா மையில் குறிப்பு எழுதி வைப்பார்கள். கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் நீல விளக்கு போன்ற ஒன்றால் பார்த்தால்தான் எழுத்து தெரியும்.

கண் இருட்டுக்கு நன்றாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். போன் திரையை ஒரு முறை முழு வெளிச்சத்தில் பார்த்தால் பழகியது போய்விடும். எனவே டிஸ்ப்ளே செட்டிங்ஸில் வெளிச்சத்தைக் கடைசி வரை குறைத்து, டார்க் தீம் அமைத்துக் கொள்ளவும்.

எங்கே வைக்கக் கூடாது?

இந்தப் பகுதியைத் தயவு செய்து தாண்டிப் போக வேண்டாம்.

2011-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெதர்பி என்ற சிற்றூரில், ஒருவர் சாலையோரத்தில் சிறு டப்பா ஒன்றை வைத்துவிட்டுப் போவதைப் பார்த்தவர்கள் போலீசாருக்குத் தெரிவித்தார்கள். ராணுவ வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அதனை வெடிக்க வைத்தார்கள். அது ஜியோகேச்சிங் டப்பா.

நம் கடற்கரை அதைவிடப் பதற்றமான இடம். 2008 நவம்பர் 26-ல் மும்பையைத் தாக்கியவர்கள் கடல் வழியாக, ஜி.பி.எஸ். கருவி உதவியுடன்தான் வந்தார்கள். அதன் பிறகு கடலோரக் காவல் பலப்படுத்தப்பட்டது. 'சாகர் கவாச்' என்ற பெயரில் நடக்கும் ஒத்திகையில், மாறுவேடத்தில் வரும் காவலர்கள் போலி வெடிகுண்டுப் பெட்டியுடன் கரையேறப் பார்ப்பார்கள். மற்றவர்கள் அவர்களைப் பிடிக்க வேண்டும். புதிய ஆள், புதிய பெட்டி எது தெரிந்தாலும் 1093 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள் என்று கடலோர ஊர் மக்களிடம் சொல்லப்பட்டிருக்கிறது. இந்த நிலையில் இரவு பத்து மணிக்குக் கரையோரம் டார்ச் அடித்துக் கொண்டு, புதருக்குள் பிளாஸ்டிக் டப்பா வைப்பவரை என்னவென்று நினைப்பார்கள்? படகுத்துறை, பாலம், ரயில் பாதை, வழிபாட்டுத் தலம், பள்ளி, அரசு அலுவலகம் ஆகியவற்றின் அருகே பகலிலும் வைக்க வேண்டாம். மல்லிப்பட்டினம் அருகே இரண்டாம் சரபோஜி கட்டிய மனோரா கோபுரத்துக்கும் இது பொருந்தும்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. சாதாரண ஜி.பி.எஸ். கருவியில் பிரச்னை இல்லை. ஆனால் கார்மின் இன்ரீச் போன்ற, சாட்டிலைட் மூலம் செய்தி அனுப்பும் கருவிகளையும் சாட்டிலைட் போன்களையும் அரசு அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். இவற்றோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் கைதாகி இருக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ மச்சான் ஆசையாக வாங்கி வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடவும்.

அடுத்தது அலையாத்திக் காடு. மேப்பில் பார்க்கும் போது ஒளித்து வைக்க இதைவிட நல்ல இடம் இல்லை என்று தோன்றும். ஆனால் முத்துப்பேட்டை வரை நீளும் இந்தக் காடு வனத்துறையின் பாதுகாப்பில் உள்ளது. அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. மேப்பில் பச்சையாகத் தெரிவது தரையும் அல்ல. முழங்கால் வரை புதையும் சேறு. இங்குள்ள கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் கரை தட்டையாக இருப்பதால் அந்தச் சிறிய ஏற்றமே வந்த வழியை மூடிவிடும். அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரையிலான கடல் பகுதி 2022-ல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டிருப்பதையும் நினைவில் கொள்ளவும். அங்கே பிளாஸ்டிக்கைக் கொண்டு போய்ப் போடக் கூடாது.

உங்கள் தோப்பிலேயே தொடங்கலாம்

நம் நாட்டில் பதிவான டப்பாக்கள் மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. தளத்தில் உங்கள் ஊரைத் தேடும் போது அருகில் எதுவும் வராவிட்டால், பதிவு எதுவும் செய்யாமல், வீட்டுப் பிள்ளைகளுக்காக நீங்களே ஒன்று அமைக்கலாம். சொந்தத் தோப்பு அல்லது சொந்தக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்கிய தோப்பு போதும்.

பகலிலேயே போய் இடத்தைத் தேர்ந்தெடுக்கவும். போனை வெட்ட வெளியில் ஐந்து நிமிடம் வைத்திருந்து எண்ணைக் குறிக்கவும். சற்று நேரம் கழித்து மீண்டும் ஒரு முறை குறித்து, இரண்டுக்கும் நடுவில் உள்ளதை எடுத்துக் கொள்ளவும். தண்ணீர் புகாத, உள்ளே இருப்பது வெளியே தெரியும் டப்பாவாக இருக்கட்டும். அதன் மேல் 'விளையாட்டு' என்று எழுதி, உங்கள் போன் எண்ணையும் எழுதவும். உள்ளே நோட்டு, பென்சில், ஒரு மிட்டாய் கூட இல்லாமல் சில சிறு பொம்மைகள். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. சைக்கிள் கடையில் கிடைக்கும் ஒளிரும் ஸ்டிக்கரை வெட்டி, நூலில் கட்டித் தொங்க விடவும். மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம். குறிப்பில் 'சாய்ந்த தென்னையிலிருந்து மூன்றாவது மரம்' என்று எழுதும் முன் யோசிக்கவும். 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே இரவில் இந்தப் பகுதித் தோப்புகளில் இப்படிப்பட்ட அடையாளங்கள் எல்லாவற்றையும் படுக்க வைத்துவிட்டது. மரம் போனாலும் எண் அங்கேயே இருக்கும்.

தரையிலோ மட்டைக் குவியலுக்கு அடியிலோ டப்பா வைக்க வேண்டாம். இடுப்பு உயரத்தில், கண்ணால் பார்த்து எடுக்கும்படி வையுங்கள். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் தெரியாது. அதனால் 'ஏதோ பூச்சி' என்று விட்டுவிடுகிறார்கள். காலை மூடும் செருப்பு அல்லது ஷூ, கையில் ஒரு கம்பு, கூடவே ஒரு பெரியவர் கட்டாயம். எந்தப் பொந்திலும் கை விடக் கூடாது. சிறு சந்தேகம் வந்தாலும் 108-ஐ அழைத்து நேராக மருத்துவமனைக்குப் போகவும்.

கடைசியாகப் பேட்டரி. ஜி.பி.எஸ்., திரை, டார்ச் மூன்றும் ஒரே போனில் ஓடினால் சார்ஜ் வேகமாக இறங்கும். டார்ச்சைத் தனியாக வைத்துக் கொள்ளவும். கிளம்பும் முன் வீட்டு வாசலையும் மேப்பில் ஓர் இடமாகக் குறித்து வைக்கவும். டப்பாவைக் கண்டுபிடித்த உற்சாகத்தில், எந்தப் பக்கம் வந்தோம் என்பது இருட்டில் மறந்துவிடும்.